நாற்பது வருட எலும்பு சூப்

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய மூப்பர் பியோ அவர்களுக்கு, சபைச் சமையலறைப் பொறுப்பிலிருக்கும் மா கும்நே வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்களுடைய புது முழங்காலும் சுகமாயிருக்க விடியற்கால ஜெபத்தில் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

நமது சபையின் நாற்பதாண்டு மலருக்குத் தாங்கள் எழுதியதை வாசித்தேன். சபை வளர்ந்தது ஜெபத்தாலும் வீட்டுக் கூட்டங்களாலும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெபத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் டயர் கடை மாடியில் பதினொரு பேராக இருந்தவர்கள் இன்று முந்நூற்று நாற்பது பேர். ஆராதனை முடிந்ததும் அத்தனை பேரும் எதைக் குடித்தார்கள் என்று ஒரு வரி இல்லை. சனிக்கிழமை காலையில் மாட்டெலும்பை அடுப்பில் ஏற்றி, பாலாக வெளுத்து வரும்வரை பக்கத்தில் நின்றவள் நான். ஒரு மீன் வியாபாரி, "பிரசங்கம் வேணாம், சூப்பை மட்டும் குடு"ன்னு மூணு வாரம் வாசல்லயே நின்னு குடிச்சிட்டுப் போனார். நாலாவது வாரம் உள்ளே வந்தார். அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை, இந்தக் கடிதத்தை இப்போது அவர்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படியிருக்க, போன ஞாயிறு கூட்டத்தில் நடந்தது தங்களுக்குத் தெரியாது, முழங்கால் காரணமாகத் தாங்கள் வரவில்லை. போதகர் தாக் பரிசோதனைச் சீட்டை எடுத்து, "அம்மா, எனக்கு கொலஸ்ட்ரால் இருநூத்தி நாப்பத்தெட்டாம். ஆண்டு விழாவுக்கு சோயா முளை சூப் வெச்சுக்கலாமே" என்றார். உடனே என்னோடு சமையலறையில் நிற்கும் போங் சுக்ஜா, "ஆமாக்கா, உங்க சூப் ஆறினா மேல ஐஸ் கட்டுற மாதிரி கொழுப்பு கட்டுது, சறுக்கியே விளையாடலாம்" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். "அது கொழுப்பு இல்லடி, நாப்பது வருஷ உழைப்பு"ன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

நான் பள்ளிக்கூடம் ஆறு வருஷம்தான் போனேன். ஆனாலும் நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து வாசித்தேன். கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே செய்துகொள்கிறதாம், முக்கியமாக ஈரலில். ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் அது இருந்து, சுவர் விறைத்தும் போகாமல் தொளதொளத்தும் போகாமல் பார்த்துக்கொள்கிறதாம். வெயில் பட்டால் தோலில் உண்டாகும் வைட்டமினுக்கும், கொழுப்பைச் செரிக்கும் பித்த நீருக்கும் அதுதான் மூலப்பொருள். மூளையில் நிறைய இருக்கிறதாம், கூட்டத்தில் சிரித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் ஒரு வகை வண்டி அதை ஏற்றிக்கொண்டு போய், அதிகமாகிவிட்டால் குழாயில் வழியை மறித்துப் போட்டுவிடும், ஞாயிற்றுக்கிழமை தங்கள் மருமகன் கார் நிறுத்துவது போல. இன்னொரு வகை வண்டி மிச்சத்தைப் பொறுக்கி ஈரலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். உயிரணு பிரிந்து பெருகுவது போலத்தானே சபையும் வளர்ந்தது? வீட்டுக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் இரண்டாகப் பிரிகிறோம், அந்த இரண்டு நாலாகிறது. பிரியும்போது மனசு விறைத்துப் போகாமல், ஒருத்தரையொருத்தர் விட்டும் போகாமல் வைத்திருந்தது எது? ஒரே பானையில் குடித்த சூப். போதகருக்கு மட்டும் கொழுப்பை எடுத்துவிட்டு ஊற்றித் தருகிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் விழா அன்று என் பானை அடுப்பில் ஏற வேண்டும், மலரில் எலும்பு சூப்புக்கு ஒரு வரி வேண்டும். நாற்பது வருஷத்துக்கு நான் கேட்பது அவ்வளவுதான்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் சமாதானமும், தங்கள் முழங்காலுக்கு மாடிப்படி ஏறும் பெலனும் உண்டாவதாக.

இப்படிக்கு,
மா கும்நே

பின்குறிப்பு: அத்தாட்சிக்காக, ஞாயிறுதோறும் எத்தனை கிண்ணம் போனது என்று நான் எழுதிவரும் நோட்டைத் திறந்தேன். பதினோராம் வருஷம் என் மணிக்கட்டு உடைந்து, ஏழு மாதம் சுக்ஜாதான் சோயா முளை சூப் வைத்தாள். அப்போது எண்பத்தெட்டு கிண்ணம் நூற்று நாற்பத்தொன்பது ஆகியிருக்கிறது. வேறெந்த வருஷமும் அவ்வளவு ஏறவில்லை. நான் திரும்பி வந்து இரண்டு வருஷம் நூற்று நாற்பத்தொன்பதிலேயே நின்றிருக்கிறது. மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். என் கணக்கு தப்பாது, அதுதான் கஷ்டம். ஆகவே விழாவுக்கு முளை சூப்பே இருக்கட்டும், மலரில் சுக்ஜா பெயரைப் போடுங்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "உப்புச் சரிபார்த்தவர் மா கும்நே" என்று போட்டால் போதும். உடைந்தது கைதான், நாக்கு நன்றாகத்தான் இருந்தது.