இரும்புக் கடைக்காரர் வீட்டுக் கீரை

ஆலயத்தில் விளைச்சலைப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு நாலே நாள் இருக்கும்போது, சாலமோனின் மொட்டைமாடிக் கீரை மஞ்சளாகிவிட்டது.

கீழே தொட்டியில் ஜிலேபி மீன், மேலே குழாய்களில் முளைக்கீரை. மீனின் கழிவுதான் கீரைக்கு உரம். ஒரு துளி ரசாயனம் கிடையாது, முதல் அறுவடை ஆலயத்துக்கே என்று போன மாதம் சபை நடுவில் எழுந்து அறிவித்திருந்தார். யார் கேட்டார்கள்? எதிர்வீட்டு மைத்துனன் நோயல் மீனில்லாமல், தண்ணீரில் சத்து உப்பைக் கரைத்தே கீரை வளர்த்து மூன்று முறை கடைந்து தின்றுவிட்டான். அந்த வயிற்றெரிச்சல்தான்.

உரக்கடைக்காரர் இலையைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: இரும்புச்சத்துக் குறைவு.

மனைவி பெர்சிஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சாத்தாங்காட்டுல முப்பது வருசமா இரும்பு விக்கிற ஆளு வீட்டுக் கீரைக்கா இந்த நோவு?"

சாலமோனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடையிலிருந்து ஒரு பை கம்பித் துண்டுகளை அள்ளிவந்து தொட்டியில் கொட்டினார். மறுநாள் தண்ணீர் துருவேறி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. தண்ணீர் கலங்கினால், அதாவது தினமும், பின்பக்கக் காலி மனையில் திறந்துவிடுவது வழக்கம். அன்று தொட்டி முழுவதையும் திறந்துவிட்டு, அவசரத்தில் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை நிரப்பினார். மீன் பிழைத்தது. கீரை மொத்தமாகப் படுத்துவிட்டது.

நோயல் எட்டிப் பார்த்தான். "அத்தான், மீனுக்குத் தீனி போடுதிய. கீரைக்கு யாரு போடுவா?"

சனிக்கிழமை சாயங்காலம் சாலமோன் தெருமுனைக் கீரைக்காரி பச்சையம்மாவிடம் வேரோடு நாலு கட்டு வாங்கி, ஹெல்மெட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். தண்ணீரில் வளர்ந்த கீரையில் மண் இருக்கலாமா? பழைய டூத் பிரஷால் வேர் வேராகத் தேய்த்துக் கழுவினார்.

ஞாயிறன்று போதகர் கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டி, "மீன் தண்ணியிலயே வளந்ததா, ஐயா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் சாலமோன்.

கீரை கைதட்டலை அள்ளியது. காணிக்கை ஏலத்தில் போட்டி போட்டு எடுத்தார்கள். நோயலுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் சாலமோனுக்கு அன்று பிரியாணி இறங்கவில்லை. பீடத்துக்கு முன்னால் பொய் சொல்லிவிட்டோமே என்று நெஞ்சை அறுத்தது. மறுநாளே மீன்களைத் தானமாகக் கொடுத்து, தொட்டியையும் குழாயையும் பிரித்துப்போட்டார்.

புதன்கிழமை, போதகரிடம் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவது என்று கிளம்பியவரைத் தெருமுனையில் பச்சையம்மா மடக்கினாள்.

"இன்னா நைனா, ரெண்டு நாளா மாடிக் குழாயில தண்ணியே வர்ல? பின்னால காலி மனையில நான் வெதைச்ச கீரை வாடிக்கினு கீது. சனிக்கெழம நீ வாங்கினு போனதுகூட உன் மீன் தண்ணி குட்ச்சி வளந்ததுதான்."