பக்கத்து இருக்கையைக் கழற்றியவர்

காதுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாவது மனைவியின் குரல் காதில் விழாமல் கார் ஓட்டியே தீருவது!

காதுக்காரர் என்ற பெயர் அவருக்குத் தொழிலால் வந்தது. கடைத்தெருவில் ஒரு மாடியறை. காது மந்தமானவர்களைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்பார். அப்புறம் காதுக்குள் மெத்தென்ற பசையைச் செலுத்தி அச்செடுத்து, அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்படி கருவி செய்து கொடுப்பார். ஊர் முழுக்கக் கேட்க வைத்த மனிதர். தனக்கு மட்டும் கொஞ்சம் கேட்காமல் இருந்தால் தேவலை என்று அவர் ஏங்கியதில் தப்பே இல்லை.

ஏனென்றால் அவர் மனைவிக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. எதிரே மூன்று திரை, தலையில் ஹெட்போன், ஒரே நேரத்தில் பதினெட்டு ஆம்புலன்ஸ். "அடுத்த சிக்னல்ல இடது பக்கம். பள்ளம் இருக்கு, மெதுவா. லாரி வருது, பொறு." எட்டு மணி நேரம் இதையே சொல்வாள். வேலை முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவாள். குரலைக் கழற்றி வைக்க மட்டும் மறந்துவிடுவாள். பத்தொன்பதாவது ஆம்புலன்ஸாகக் காதுக்காரர் கடைக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் அவர் சிவப்பு நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து, பதில்களைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்திருந்தார். மனைவி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து டயரைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

காதுக்காரர் திருதிருவென்று விழித்தார். எழுதி வைத்த பதினொரு பதில்களும் பையிலேயே கசங்கின. குழப்பம் அன்றைக்கு ஆரம்பித்தது.

முதல் முயற்சி, பந்தயக் கார் மாதிரி இரைச்சல் போடுகிற சைலன்சர்.

"இதை மாட்டினா ஒரு சங்கடம் இருக்கு சார்" என்றார் மெக்கானிக். "பக்கத்துல இருக்கிறவங்க பேசறது சரியாக் காதுல விழாது."

"சங்கடமா? அதைத்தான்யா தேடிட்டு இருக்கேன். உடனே மாட்டு!"

மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் வீட்டு ஜன்னல்கள் நடுங்கின. மனைவி ஏறி உட்கார்ந்தாள், ஒரு தரம் கனைத்துக்கொண்டாள், குரலை இரண்டு படி உயர்த்தினாள். இதுவரை அவருக்கு மட்டும் கேட்டது இப்போது தெருவுக்கே கேட்டது. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் எட்டிப் பார்த்து, "சார், அவங்க அப்பலேருந்து இடது பக்கம் போகச் சொல்றாங்க, நீங்க ஏன் வலது பக்கம் சிக்னல் போட்டிருக்கீங்க?" என்று கோபித்துக்கொண்டார்.

இரண்டாவது முயற்சி, மனைவி உட்காரும் பக்கத்தில் ஒரு பந்தய இருக்கை. பலகை மாதிரி கெட்டி. உட்கார்ந்தால் அசைய முடியாது. இரண்டே நாளில் வெறுத்துப்போய், "நீங்களே போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவாள் என்பது கணக்கு.

"என்னங்க, இது யாரு யோசனை?" என்றாள் மனைவி, ஏறி உட்கார்ந்ததும்.

"ஏன், கஷ்டமா இருக்கா?"

"ரெண்டு வருஷமா இருந்த இடுப்பு வலி இப்ப இல்லீங்க! எங்கயாவது தூரமாப் போலாமா?"

போனார்கள். நூற்றிருபது கிலோமீட்டர். போகும்போதும் பேசினாள், வரும்போதும் பேசினாள்.

அப்போதுதான் பந்தயத் தடத்திலிருந்து அறிவிப்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஆசை தீர ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. காதுக்காரர் விண்ணப்பத்தோடு வந்த விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். முன்னால் இருபத்துமூன்று பக்கம் இருந்தது. அதையெல்லாம் யார் படிப்பார்கள்?

மனைவி படித்தாள். முதலிலிருந்து கடைசிவரை, பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள்.

"தடத்துல ஓட்டணும்னா எடையைக் குறைக்கணும் சார்" என்றார் மெக்கானிக். ஸ்டெப்னி போயிற்று. கால்மிதி போயிற்று. ஸ்பீக்கர் போயிற்று. "அப்புறம் அந்தப் பக்கத்து சீட்டு. அது மட்டும் பதினாறு கிலோ."

காதுக்காரருக்குச் சிலிர்த்தது. சத்தம் போட்டுத் தடுக்க முடியவில்லை, உட்காரவைத்துத் தடுக்க முடியவில்லை. உட்காரவே இடமில்லாவிட்டால்? நாலு போல்ட். நாலே நாலு போல்ட்தான் அவருக்கும் விடுதலைக்கும் நடுவில்!

வீட்டில் மெல்லப் பேச்செடுத்தார்.

"உன்மேல கோவம்னு நினைச்சுக்காதே. சும்மா எடைக்காகத்தான்..."

"கழட்டிடுங்க."

"ஆமா, எனக்கும் வருத்தம்தான், ஆனா வேகம்னு வரும்போது... என்ன சொன்னே?"

"கழட்டிடுங்கன்னேன். பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் வேணுமா? எடுத்துட்டு வரேன்."

எடுத்தும் வந்தாள். போல்ட் இறுகிக் கிடந்தபோது டார்ச் பிடித்தாள். "இந்தப் பக்கம் திருப்புங்க, அது இறுக்கற பக்கம்" என்று வழியும் சொன்னாள். இருக்கையைத் தூக்கிக் கூடத்தில் போட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டாள். காதுக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவ்வளவு சுலபமாக அவர் எதிலும் ஜெயித்ததில்லை. ஜெயித்தவன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, எனக்கு ஒரு உதவி. தெரிஞ்ச டிரைவர் ஒருத்தருக்குக் காதுல வைக்கிற ரிசீவர் வேணும். என்ன சொன்னாலும் அவர் காதுல ஏற மாட்டேங்குது."

"அடப் பாவமே! அவரை வரச் சொல்லு, அச்செடுத்துடலாம்."

"அவருக்கு நேரமே இல்லீங்க. உங்க காதுல அச்செடுத்துச் செஞ்சுடுங்க. அவருக்கும் அச்சு அசல் உங்க காதுதான்."

தொழில் என்று வந்துவிட்டால் காதுக்காரர் வேறு ஆள். இன்னொருவர் காது இவர் காது மாதிரி எப்படி இருக்கும் என்ற சந்தேகம் வந்தது. ஆனால் கழற்றிய இருக்கைக்கு நன்றிக்கடனாக அதை விழுங்கிவிட்டார். மூன்று நாள் உட்கார்ந்து இழைத்தார். எவ்வளவு இரைச்சலிலும் குரல் மட்டும் தெளிவாக விழும். தலையை எப்படி ஆட்டினாலும் கழலாது.

"இதைப் போட்டுட்டா அந்த ஆளால தப்பிக்கவே முடியாது!" என்று பெருமையோடு நீட்டினார்.

"எனக்கும் அதுதாங்க வேணும்" என்று மனைவி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. "எனக்கு இன்னிக்கு டியூட்டி" என்று சாப்பாட்டு டப்பாவோடு விடியும் முன்பே அவள் ஆபீஸ் வேனில் கிளம்பிவிட்டாள். "பத்திரம்" என்றுகூடச் சொல்லவில்லை. காதுக்காரர் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். ஆனால் பையில் எதையோ மறந்துவிட்டுக் கிளம்புகிற மாதிரி இருந்தது. தடவிப் பார்த்தார். பர்ஸ், சாவி, எல்லாம் இருந்தன.

தடத்தில் பரிசோதனை அதிகாரி காரை முன்னும் பின்னும் பார்த்தார். டயர் சரி. பிரேக் சரி. கதவைத் திறந்தார்.

"பக்கத்து சீட்டு எங்க சார்?"

"எடைக்காக எடுத்துட்டேன்" என்றார் காதுக்காரர், எல்லாம் தெரிந்தவர் மாதிரி.

"நீங்க முதல் தடவைதானே? முதல் தடவை வர்றவங்களுக்குப் பக்கத்துல பயிற்சியாளர் உக்காரணுமே. ஒன்பதாவது விதி. கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

காதுக்காரர் கார் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார். "அப்ப என்னை ஓட்ட விட மாட்டீங்களா?"

"பயப்படாதீங்க. சீட்டு இல்லாத வண்டிக்குப் பத்தாவது விதி இருக்கு. கட்டுப்பாட்டுக் கோபுரத்துல இருந்து வயர்லெஸ்ல வழி சொல்லுவாங்க. நீங்க கேட்டு ஓட்டினாப் போதும். உங்களுக்கான ரிசீவர் காலையிலேயே வந்துடுச்சு."

அதிகாரி ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். காதுக்காரர் அதை எடுத்துக் காதில் வைத்தார். வைத்த மாத்திரத்தில் அது சென்று அமர்ந்த விதத்தில் அசந்துபோனார்.

"ஆகா! யாரோ கைதேர்ந்த ஆள் செஞ்சிருக்கான். ஓரத்தைப் பாருங்க, எப்படி இழைச்சிருக்கான்! நானே செஞ்சிருந்தாலும் இப்படித்தான்..."

வாக்கியம் பாதியில் நின்றது. அதற்குள் அதிகாரி ஹெல்மெட்டை அவர் தலையில் கவிழ்த்து வாரை இறுக்கிவிட்டார். காரில் உட்காரவைத்து பெல்ட்டை நாலு பக்கமும் பூட்டியாயிற்று. இனி காதுக்குக் கை போகாது.

"வண்டி எண் பதினேழு" என்றது காதுக்குள் ஒரு குரல். "கேட்டா தலையை ஆட்டுங்க."

காதுக்காரர் ஆட்டவில்லை. தலை தானாக ஆடியது.

"தெரியுதுங்க. ஆடுது."

"பதில் சொல்ற பட்டன் எங்க?" என்று அலறினார் அதிகாரியிடம்.

"டிரைவருக்குப் பட்டன் கிடையாது சார். கேக்கறது மட்டும்தான்."

கொடி அசைந்தது. கார் சீறிக்கொண்டு கிளம்பியது. சைலன்சர் கத்திய கத்தலில் காக்கைகள் எழும்பிப் பறந்தன. காதுக்குள்ளே மட்டும் பூஜையறை அமைதி. அந்த அமைதியின் நடுவே அவள்.

"மெதுவா. மெதுவா. வளைவு வருது. பிரேக்கை இப்ப மிதிங்க. விடுங்க. இப்ப போங்க!"

போனார்.

"ஏங்க ஊர்ந்து போறீங்க? நேர் ரோடுதானே? மிதிங்க!"

காதுக்காரருக்குத் தன் காதிலேயே சந்தேகம் வந்தது. மிதிக்கச் சொல்கிறாளா? பத்தொன்பது வருஷ தாம்பத்தியத்தில் அவள் அவரிடம் மிதிங்க என்று சொன்னது இதுதான் முதல் தடவை. குழப்பத்தில் மிதித்தார். கார் பறந்தது. பின்னால் மஞ்சள் வண்டி வருவதை அவர் பார்க்கும் முன்பே அவள் சொன்னாள். ஒதுங்கினார். எண்ணெய் சிந்திய இடத்தைச் சொன்னாள். விலகினார். நாலாவது சுற்றில் பயம் போய்விட்டது. ஏழாவது சுற்றில் தான் சிரித்துக்கொண்டே ஓட்டுவதைக் கவனித்தார். உண்மையைச் சொன்னால், வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவர் ஓட்டியதே இல்லை. அது அவருக்கு ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது, ரொம்ப அவமானமாகவும் இருந்தது.

பன்னிரண்டு சுற்று முடிந்து இறங்கியபோது, கோபுரப் படியில் சாப்பாட்டு டப்பாவோடு அவள் வந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"பத்தாவது விதிங்க. நீங்க கையெழுத்துப் போட்ட அதே புத்தகத்துலதான் இருக்கு. வயர்லெஸ்ல பேசத் தெரிஞ்ச ஆள் வேணும்னு தடத்துக்காரங்க எங்க ஆபீஸ்ல கேட்டாங்க. நான் கை தூக்கினேன்."

"அப்ப சீட்டைக் கழட்டும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்குச் சொல்லணும்? பக்கத்துல உக்காந்து அந்த சைலன்சரோட போட்டி போட்டு எனக்குத் தொண்டையே கட்டிப் போச்சு. இப்படி நிம்மதியாப் பேசி எத்தனை நாளாச்சு! சரி, சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"இருபத்தொண்ணாவது விதி. தடத்துல ஓட்டினவங்க மூணு மணி நேரத்துக்கு ரோட்டுல ஓட்டக் கூடாது. நான்தான் ஓட்டணும்."

"அப்ப நான்?"

இருவரும் சேர்ந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஓட்டுநர் இருக்கை இருந்தது. அதற்குப் பக்கத்தில் நாலு ஓட்டை இருந்தது.

"வெளியில போனா பஸ் ஸ்டாப் இருக்குங்க" என்றாள் மனைவி, கனிவாக. சிவப்புக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அதன் சத்தம் தேய்ந்து மறையும்வரை காதுக்காரர் கையில் ஹெல்மெட்டோடு நின்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலை நீட்டிக்கொண்டார். யாரும் பேசவில்லை. இடது என்று சொல்ல ஆளில்லை, பள்ளம் என்று சொல்ல ஆளில்லை. பத்து நிமிஷம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. கேட்டது கிடைத்துவிட்டது! ஓட்டுகிறவர் வேறு யாரோ, அது ஒன்றுதான் குறை. கண்ணை மூடி, அந்த மௌனத்தை அப்படியே அனுபவித்தார்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"என்னங்க, நான் வீட்டுக்கு வந்துட்டேன். நீங்க எங்க இருக்கீங்க?"

"பாலம் தாண்டி வந்துட்டு இருக்கேன்."

"ஐயையோ, அடுத்த வளைவுல ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு, எழுந்து டிரைவர் பக்கத்துல போய் நில்லுங்க."