தோட்டக்காரன் தலையில் விழுந்த கொலை

பூட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வயிற்றில் கட்டி இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னது மனைவி காதுக்குப் போகக் கூடாது. மகளுக்கு நிறைமாசம். அம்மா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். புருஷனுக்கு இப்படி என்று தெரிந்தால் இவள் வீட்டை விட்டு நகரமாட்டாள். பிரசவம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் சேரட்டும் என்று துணிந்துவிட்டார். ஊரில் இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷனுக்குத் தன் வாயைப் பூட்டத் தெரியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தையல் மெஷினில் உட்காருவாள், இவர் வாரப் பத்திரிகைக் கதையை உரக்கப் படிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். அன்றைக்குப் பார்த்து அவளே ஒரு பக்கத்தை மடித்துக் கையில் கொடுத்தாள். கொலைக் கதை.

கதையா அது? ஒரு கோடீஸ்வரர் விருந்தில் சூப் குடித்துக்கொண்டே கிண்ணத்துக்குள் முகம் கவிழ்ந்து செத்துப்போகிறார். பெண்டாட்டி, தம்பி, தொழில் கூட்டாளி எல்லாருக்கும் சொத்து மேல் கண். இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவுகிறார். அடுத்த பக்கத்திலும் தடவுகிறார். மீசை தேய்ந்ததுதான் மிச்சம். தோட்டக்காரன் ஒரே ஒரு தடவை வந்து, இன்ஸ்பெக்டருக்குக் கேட்டைத் திறந்துவிட்டுப் போகிறான்.

கடைசிப் பத்தியில் பூட்டுக்காரர் உரக்கப் படிப்பதை நிறுத்தி, மனசுக்குள் படித்தார். கோடீஸ்வரரை யாரும் கொல்லவில்லையாம். ரொம்ப நாளாக நோயாம். வீட்டில் ஒருத்தரிடமும் மூச்சு விடாமல் மறைத்தாராம். அதுதான் கொண்டுபோய்விட்டதாம். சே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஆத்திரம் வந்தது. கூடவே பயமும் வந்தது.

"தோட்டக்காரன்தான் கொன்னான்" என்று வாசித்துப் பத்திரிகையை மூடினார்.

மெஷின் நின்றது.

"எதுக்குக் கொன்னான்?"

"சம்பளத் தகராறு."

"தோட்டக்காரன் எப்படி சமையல்கட்டுக்குள்ள போனான்?"

"கீரை குடுக்கப் போனான்."

"கொன்னவன் ஓடாம, இன்ஸ்பெக்டருக்கு எதுக்குக் கேட்டைத் திறந்துவிட்டான்?"

"அடிப்படையில நல்லவன்தான்."

அவள் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமையே படிச்சிட்டேங்க. அதுல யாரும் யாரையும் கொல்லல" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பேன்ட் இடுப்பு தொளதொளக்கிறது, பிடித்துத் தைத்துக் கொடு என்று அடுத்தடுத்து வந்து நின்றவரே இவர்தான். நடக்கிறேன் இல்லையா, அதான் இளைத்துவிட்டேன் என்று பெருமை வேறு. அவள் நேரே டாக்டரிடம் போயிருக்கிறாள். நாலு கேள்வியில் அந்த மனுஷன் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். மகளை அவளுடைய மாமியார் பார்த்துக்கொள்வதாக மருமகனிடம் பேசி முடித்தாயிற்று. நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் இவருக்குப் படுக்கைக்கும் சொல்லியாயிற்று.

"இந்தக் கதையைப் படிச்சாவது நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன். பாவம், தோட்டக்காரன் தலையில போட்டுட்டீங்க. நான் என்ன, வேத்து மனுஷியா?"

கண்ணில் வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை. துக்கத்தை விடக் கோபம்தான் அதில் அதிகம். பூட்டுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. இனிமேல் தனியாகச் சுமக்க வேண்டாம் என்று நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியில் இத்தனை நாள் தன்னிடம்கூடக் கேட்டுக்கொள்ளாததைக் கேட்டார்.

"ஆபரேஷன் பண்ணா பிழைச்சுக்குவேனாமா?"

"அதை மட்டும் நான் கேக்கல. பயமா இருந்துச்சு."

கைத்தையல் ஊசியை எடுத்து நூல் கோக்கப் பார்த்தாள். ஏறவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நாளைக்கு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. அந்த முடிவையாவது மாத்தாம சொல்லுங்க."