நெடுவாள் ஆற்றின் ஒரே குடிமகன்

ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றில் குளித்திருப்பீர்கள். குளிக்காமலே குளித்ததாக வீட்டில் பொய்யும் சொல்லியிருப்பீர்கள். ஆனால் ஓர் ஆற்றைப் பெற்று, பெயர் வைத்து, பல் முளைக்க வைத்து வளர்க்கும் மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டாயம் பார்த்திருப்பீர்கள், அடையாளம் தெரிந்திருக்காது. பகலில் அவரும் நம்மைப் போலவே பேருந்துக்கு ஓடுவார், நம்மைப் போலவே சில்லறை இல்லாமல் முழிப்பார். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது லேசாகத் தொண்டையைச் செருமிவிட்டு, "இந்த உலகத்துலயே இல்லாத ஒரு ஆறு இருக்கு, சொல்லட்டுமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டாரா? செருப்பைத் தேடாதீர்கள். வெறுங்காலோடு ஓடுங்கள்.

இவர்கள் எல்லாரும் ஒரு மகா நாவல் எழுதப்போகிறவர்கள். எழுதுகிறவர்கள் இல்லை, எழுதப்போகிறவர்கள். மந்திரம், கத்திச் சண்டை, சிறகு முளைத்த பாம்பு எல்லாம் வரும் நாவல். அதற்கு முன்னால் ஒரு சின்ன ஏற்பாடு, அவ்வளவுதான். அந்த உலகத்துக்கு ஓர் ஆறு வேண்டாமா? ஆறு வேண்டுமென்றால் மலை வேண்டும், மலையில் மழை வேண்டும், மழைக்குக் காற்று வேண்டும், காற்று கிளம்ப ஒரு கடல் வேண்டும், கடல் பொங்கி வடிய நிலா வேண்டும், நிலா ஒன்றா இரண்டா என்று முடிவு செய்வதற்குள் நம் ஆளுக்குக் கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அந்த மகள் சைக்கிள் விடப் பழகி, சைக்கிளிலிருந்து விழுந்தும் ஆயிற்று. நாவலின் முதல் வரி? அது இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை.

நம் ஆளுக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. தெருவில் அவருக்குப் பெயர் நதிமூலம். ரிஷிமூலமும் நதிமூலமும் கேட்கக்கூடாது என்பார்கள். இவரிடம் நீங்கள் கேட்கவே வேண்டாம், அவராகவே சொல்லிவிடுவார். ஆற்றின் பெயர் நெடுவாள். மலையை வெட்டிக்கொண்டு வருவதால் அப்படி. அதற்குக் கருக்கி, ஊமையாறு, இரட்டைச்சடை என்று கிளையாறுகள். அவற்றுக்குப் பேரப்பிள்ளைகளாகச் சிற்றோடைகள். மூன்று பெருவெள்ளங்கள் உண்டு: மூத்த வெள்ளம், இளைய வெள்ளம், சொல்லாமல் வந்த வெள்ளம். கரையை ஆண்ட வம்சங்களோ எண்ணி மாளாது. ஒருவரை ஒருவர் கவிழ்ப்பதும், அணை கட்டுவதும், கட்டிய அணையை அடுத்தவன் உடைப்பதுமாக அவர்களுக்கு ஓய்வே கிடையாது.

கடையில் கண் பரிசோதிக்க எழுத்துப் பலகை ஒன்று உண்டல்லவா, பெரிய எழுத்தில் தொடங்கிப் போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகுமே, அதை அவர் சும்மா விட்டிருப்பாரா?

"என்ன தெரியுதுங்க?"

"நெடுவாள்."

"கரெக்ட். அதுக்குக் கீழ?"

"கருக்கி... ஊமையாறு..."

"அதுக்கும் கீழ?"

"மங்கலா இருக்கு தம்பி."

"பாத்தீங்களா? உங்களுக்கு ஒரு ஓடைகூடத் தெரியல. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எப்படிங்க ரோட்டைக் கடக்கறீங்க?"

பெரியவர் பயந்துபோய்த் தடித்த கண்ணாடியாக வாங்கிக்கொண்டு போவார். வெளியே வந்ததும் முதல் வேலையாக, இந்த ஊரில் இப்படி ஓர் ஆறு எங்கே ஓடுகிறது என்று பக்கத்துக் கடையில் விசாரிப்பார்.

அவரிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு நல்ல வழி சொல்கிறேன். "இரட்டைச்சடை ஏன் ரெண்டா பிரியுது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். நிதானமாகச் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வாருங்கள். வந்து பார்த்தால் அவர் இன்னும் பிரியாத இடத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். "அது தெரியாம இது புரியாது" என்பது அவருடைய மந்திரம். அது புரிந்து, இது தெரிந்து, கதைக்கு வருவதற்குள் கேட்பவருக்கு நரைத்துவிடும்.

வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க நெடுவாளின் வரைபடம். கிழக்கு மூலையில் பனிமலை, மேற்கு மூலையில் கடல். சுவிட்ச் பலகை இருக்கும் இடம் ஒரு தீவு. மின்விசிறி போட வேண்டுமானால் கடல் கடந்துதான் போக வேண்டும். மனைவிக்குக் கூரியர் அலுவலகத்தில் வேலை, கையில் வருகிற எதற்கும் ஒரு விலாசம் இருந்தே பழகியவர். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"ஏங்க, இவ்ளோ பெரிய ஆறு ஓடுதே, இதுல குடியிருக்கற ஒரு ஆளோட விலாசமாவது இருக்கா?"

"ஏன் இல்ல? நாலாவது வம்சத்துல..."

"வம்சத்தைக் கேக்கல. ஆளு. காலையில எழுந்து பல்லு வெளக்கற ஆளு."

நம் ஆள் வரைபடத்தைப் பார்த்தார். மலை இருந்தது, மணல் இருந்தது, மழையளவுகூட இருந்தது. பல் துலக்குகிறவர் ஒருவரும் இல்லை.

"வருவாங்க" என்றார். "மொதல்ல தண்ணி வரட்டும்."

இந்த நிலைமையில்தான் மகள் சைக்கிளிலிருந்து விழுந்தாள். காலில் மாவுக்கட்டு. கூடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, நெடுவாளுக்கு நேர் எதிரே அவளைப் படுக்கவைத்தார்கள். கட்டுப் பிரிக்கும் நாளும் வந்தது, கட்டும் பிரிந்தது. அவள்தான் இறங்கவில்லை. தரையில் கால் வைக்கச் சொன்னால் தீயில் வைக்கச் சொன்னதுபோல் இழுத்துக்கொண்டாள். டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எலும்பு சேந்துருச்சு. பயம்தான் போகல. இப்படியே தூக்கிக்கிட்டுத் திரிஞ்சீங்கன்னா தசை சுருங்கிடும். அப்புறம் காலம் பூரா நொண்டணும், சொல்லிட்டேன்."

கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று, புது ஷூ வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாயிற்று. ஷூ மட்டும் தரையில் நின்றது. அம்மா தூக்கிக்கொண்டு போய்க் குளிக்கவைப்பார், அப்பா தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் விடுவார். தூக்கும்போதெல்லாம் அந்தக் கால் முன்னைவிட மெலிந்திருப்பது அவர் கைக்குத் தெரியும். வெளியே சொல்லமாட்டார். கண்ணாடிக்கு அளவெடுக்கும் கை அல்லவா, நூல் அளவு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

ஏதாவது செய்ய வேண்டும். அவரிடம் இருந்ததோ ஓர் ஆறுதான்.

"கண்ணு, அப்பா கதை சொல்றேன். நெடுவாள் எங்க பொறக்குதுன்னா..."

"யாருப்பா வர்றா?"

"எங்க?"

"கதையில."

"வருவாங்கடா. மொதல்ல இந்தப் பனிமலை இருக்கே, இதோட வடக்குச் சரிவுல..."

ஆறு முதல் அருவியைத் தொடுவதற்குள் மகள் தூங்கிப்போனாள். அவர் அதைக் கவனிக்காமல் கழிமுகம் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினார்.

மறுநாள் சாயங்காலம் மைத்துனன் வந்தான், மனைவியின் தம்பி. லிப்ட் ரிப்பேர் வேலை. நாளெல்லாம் மேலும் கீழும் போய்வருகிறவனுக்கு எந்தக் கதையிலும் நிற்காமல் ஏறி இறங்கத் தெரியும். கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தான்.

"கேளு. ஒரு பொண்ணு. படகுக்காரன் மக. சுண்டெலின்னு பட்டப்பேரு. ராஜா தூங்கறப்போ கிரீடத்தை அடிச்சுட்டா. பின்னாடியே சிப்பாய்ங்க. ஒரே தாவு! ஆத்துக்கு நடுவுல ஒரு பாறை, அதுமேல போய் நின்னுட்டா. கீழ பாத்தா..."

"பாத்தா?"

"முதலை!"

மூலையில் கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்த நம் ஆளுக்குக் கை நழுவியது.

"எந்த ஆறுடா அது?"

"உங்க ஆறுதான் மச்சான். சுவத்துல சும்மாதானே ஓடுது."

"பனி உருகி வர்ற தண்ணிடா! அதுல முதலை வெறைச்சுச் செத்துப்போகும்."

"ஸ்வெட்டர் போட்டிருக்கு மச்சான்."

மகள் சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து வராத சிரிப்பு, கட்டில் கிரீச்சிடுகிற அளவுக்கு. நம் ஆளும் சிரித்திருக்கலாம். முடியவில்லை. பூகம்பம் வரும் பாதைவரை யோசித்துப் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஆற்றில் ஒரு தடவைகூடச் சிரிக்காத குழந்தை, எவனோ அவிழ்த்துவிட்ட முதலையைப் பார்த்துச் சிரிக்கிறது! வயிற்றெரிச்சல் என்பது இதுதான். அதை அவர் அறிவியல் ஆர்வம் என்று நினைத்துக்கொண்டார்.

பாறைமேல் ஏற்றிவிட்ட சுண்டெலியை இறக்க மாமனுக்குத் தெரியவில்லை. ரெண்டு சாயங்காலம் முதலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நீந்தவிட்டுப் பார்த்தான். மூன்றாவது நாள் சரக்கு தீர்ந்துவிட்டது.

"அப்போ பெரிய கழுகு ஒண்ணு வந்து அவளை அப்படியே தூக்கிக்கிட்டு..."

"வேணாம்" என்றாள் மகள்.

"ஏன்டி?"

"எப்பப் பாரு தூக்கிக்கிட்டேவா போவாங்க? வேணாம். அவ அங்கயே இருக்கட்டும்."

"பாறை மேலயேவா? எவ்ளோ நாளைக்கு?"

"எப்பவும். எறங்கினா கால் உள்ள போயிடும். அடியே தெரியாத தண்ணி."

மாமன் அக்காவைப் பார்த்தான். சமையலறை வாசலில் நின்ற அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஒருவரைத் தவிர.

"அடி தெரியாதா?" திருகாணி, சட்டம் எல்லாம் தரையில் உருள நம் ஆள் எழுந்தார். "யாரு சொன்னது? நெடுவாள்ல எனக்கு அடி தெரியாத எடம் ஒண்ணு இருக்கா? ஊமையாறு வந்து சேர்ற எடத்துல மணல்மேடு கெடக்கு. சொல்லாம வந்த வெள்ளம் கொண்டாந்து போட்டது. உப்பு வண்டிக்காரங்க காலங்காலமா கடக்கற தொறை. முழங்கால் தண்ணிடி!"

"பொய். மேப்புல அங்க கருப்பா இருக்கு. கருப்புன்னா ஆழம்னு நீதான் சொன்னே."

"எங்க கருப்பா இருக்கு?"

"அங்கதான்."

"எங்கன்னு கேக்கறேன்! காட்டு பாப்போம்!" சுவரோடு ஒட்டி நின்று மூக்கு நுனியால் ஆற்றைத் தேடினார்.

"இங்க."

"அது ஆழமில்லடி, பேனா கசிஞ்சது."

"சரி, இந்தப் புள்ளியெல்லாம்?"

"அதுதான் மணல். கெட்டி மணல்."

"கால் வெச்சா உள்ள போகாதா?"

"வண்டியே போகல, உன் சுண்டெலியா போகப்போறா? எவ்ளோ கனம் இருப்பா?"

"கிரீடம் வேற வெச்சிருக்காப்பா."

"கிரீடத்தோடதான் சொல்றேன். எறங்கி நேரா நடந்தா அக்கரை. நடுவுல ஒரு எடத்துல மட்டும் வழுக்கும், அங்க கொஞ்சம் நிதானிக்கணும். இதுக்குப் போயி கழுகாம் கழுகு!"

வென்றுவிட்ட பெருமையில் திரும்பிப் பார்த்தார். மைத்துனன் வாயைத் திறந்தபடி காலிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மனைவி கரண்டியோடு கையை வாய்மேல் வைத்துக்கொண்டிருந்தார், கரண்டியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன எல்லாரும் என்னையே பாக்கறீங்க? ஆழம் இல்லேன்னா இல்லதான்."

மைத்துனன் கண்ணாலேயே சுவரைக் காட்டினான். அப்போதுதான், கண் பார்க்கும் தொழில் செய்கிற அந்த மனிதருக்குக் கண் தெரிந்தது. மணல்மேட்டின் மேல் அவர் விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் இருந்தது. விரலுக்குப் பின்னால் கை, கைக்குக் கீழே பாவாடை, பாவாடைக்குக் கீழே வெறும் தரையில் இரண்டு கால்கள். ஒன்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நீ... எப்படிடா இங்க வந்தே?"

"நடந்துதான். நீதானே முழங்கால் தண்ணின்னே?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அந்த நடுங்கும் பாதத்தைக் கையால் மூடிக்கொண்டார். மூடியபடியே மைத்துனனை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"முதலை... இருந்துட்டுப் போகட்டும்டா."

"நெஜமாவா மச்சான்?"

"ஆனா ஸ்வெட்டர் கூடாது."

ஆயிற்று. நதிமூலத்தைப் பார்த்து நீங்களும் நன்றாகச் சிரித்துவிட்டீர்கள். பெற்ற மகள் எழுந்து நடந்து வந்தது தெரியாமல் இல்லாத மணலுக்குச் சண்டை போடுகிற மனிதர், சிரிக்காமல் என்ன செய்வது? சிரியுங்கள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல்லுங்கள். "அங்கதான்" என்று கட்டிலிலிருந்து சொன்னவள், அடுத்த தடவை "இங்க" என்றாளே, அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே அவள் ஒரு கூடத்தையே நடந்து கடந்தாள். கவனித்தீர்களா? அல்லது நீங்களும் அவரோடு சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அந்தக் கருப்பு ஆழமா, பேனாக் கசிவா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?

பரவாயில்லை. ஆற்றுக்கு இன்னொரு குடிமகன் கிடைத்ததில் அவருக்கு ரொம்பச் சந்தோஷம். இரட்டைச்சடை ஏன் இரண்டாகப் பிரிகிறது என்று உங்களிடம்தான் முதலில் சொல்லப்போகிறாராம்.