இருபத்தைந்து எழுத்தும் ஒரு மூக்குக்கண்ணாடியும்

வியாழக்கிழமைக்குள் எங்கள் கடையின் இரண்டு கம்ப்யூட்டர்களையும் யோக்கியமாக்கிவிடுவது என்று திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குச் சபதம் செய்தேன். சத்தமாகவே செய்தேன். சுவரில் மாட்டியிருந்த நானூறு மூக்குக்கண்ணாடிகளும் என்னையே பார்த்தன. என் மனைவி மட்டும் பார்க்கவில்லை. அவள் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா சபதம் செய்கிற ஆள் இல்லை. பஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. நூற்று நாற்பது டிரைவர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை! அத்தனையும் எங்கள் கடைக்கு! ஒரே ஒரு நிபந்தனைதான். டிரைவர்களின் விவரம் ஏறப்போகிற கம்ப்யூட்டர்களில், அவற்றை ஓட்டுகிற இயங்குதளம் முறையான உரிமத்தோடு இருக்க வேண்டும். வியாழக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

"நம்ம மெஷின்ல இருக்கறது எப்படி?" என்றாள் மனைவி.

"ரெண்டும் திருட்டு நகல்" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"யார் திருடினது?"

"யாரும் திருடல. கெட்டுப்போனப்ப ரிப்பேர்காரர் போட்டுக் குடுத்தார்."

"யாரைக் கேட்டுப் போட்டார்?"

"என்னைக் கேட்டு."

அவள் பில் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

கடையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உள் அறையில் கண் பரிசோதனை. அங்கே ஏஸி, சுழல் நாற்காலி, நாங்கள் புதிதாக வாங்கி ஏழு வருஷம் ஆன கம்ப்யூட்டர், நான். முன்பக்கம் பில் மேசை. அங்கே ஆள் உயர மின்விசிறி, முக்காலி, யாரோ உபயோகித்துக் கைமாறி வந்த கம்ப்யூட்டர், என் மனைவி. அவளும் என்னோடு கண் பரிசோதனை படித்தவள்தான். என்னைவிட மார்க்கும் அதிகம். ஆனால் உள்ளே ஒரு நாற்காலிதானே இருக்கிறது! அதில் யார் உட்கார்வது என்ற கேள்வியே எழாதபடி நான் தினமும் ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுவேன்.

இப்போது உங்களிடம் மட்டும் ஒரு ரகசியம். உள் அறை கம்ப்யூட்டரில் நான் கார் பந்தயம் ஓட்டுவது உண்டு. கண் தெரியாதவர்கள் யாரும் வராத நேரத்தில்தான். ஆனால் திரை சின்னது. மெஷினும் பழசு. வளைவில் திரும்பினால் என் கார் அப்படியே உறைந்துவிடும். எனக்குப் பெரிய திரையோடு புது மெஷின் வேண்டும். ஏழு வருஷ ஆசை. அது தபாலில் வந்து கதவைத் தட்டுகிறது! விடுவேனா?

"ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடணும்மா. பழைய மெஷினுக்கு உரிமம் குடுக்க மாட்டாங்க. சட்டம் அப்படி."

"எந்தச் சட்டம்?"

"கம்ப்யூட்டர் சட்டம்."

"உங்களுக்குத் தெரிஞ்ச சட்டமெல்லாம் இதோ செவத்துல தொங்குது. யார் சொன்னாங்க?"

"பொதுவா சொல்றாங்க."

"பொதுவா சொல்றவங்க போன் நம்பர் இருக்கா?"

"அதை விடு. உன் மெஷினைத்தான் பாரேன். இயங்குதளம்னு பேரு. அது எப்ப இயங்குது?"

"அது ஒழுங்கா இயங்கி நாலு மாசமாச்சு. இப்ப வெறும் தளம்தான்" என்றபடியே போனை எடுத்து, உரிமம் விற்கிற கடைக்குப் பேசினாள். ஸ்பீக்கரிலும் போட்டாள்.

"மேடம், ரெண்டுல எதையாவது புதுசா வாங்கினீங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"ஒண்ணு புதுசு. இன்னொண்ணு கைமாறி வந்தது."

"புதுசா வாங்கினதுல, பெட்டியோட பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதுல இருபத்தஞ்சு எழுத்து இருக்கும். அதுதான் உங்க உரிமம். நடுவுல யார் நகலைப் போட்டிருந்தாலும் அது எங்கயும் போகாது. அதுக்கேத்த ஒரிஜினலைப் போட்டு, அந்த எழுத்தை அடிச்சாப் போதும். இன்னொண்ணுக்கு மட்டும் ஒரு உரிமம் வாங்கிக்குங்க. மெஷின் ரெண்டும் ஓடுதில்ல? எதுக்குப் புதுசு?"

எதுக்குப் புதுசாம்! யார் பெற்ற பெண்ணோ, என் பெரிய திரையை ஒரே வாக்கியத்தில் சுருட்டி வைத்துவிட்டாள்.

ஆனால் நான் அசரவில்லை. பாய்ந்தேன் உள் அறைக்கு. மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். பெட்டியின் பக்கத்தில் ஸ்டிக்கர் இருந்தது. இருபத்தைந்து எழுத்தும் நேற்று அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி பளிச்சென்று இருந்தன.

"ஐயோ, அழிஞ்சு போச்சும்மா! ஒண்ணுமே தெரியல!" என்று அலறினேன்.

"ஒரு எழுத்துகூடவா?"

"எல்லாம் ஒரே மங்கல். எட்டா, ஆறா, கொசுவான்னே புரியல."

மனைவி வந்து குனிந்து பார்த்தாள். ஸ்டிக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கவலை.

"எந்திரிங்க. நாற்காலியில உக்காருங்க."

"எதுக்கு?"

"ஒரு முழம் தூரத்துல இருக்கற எழுத்து தெரியலைங்கறீங்க. சும்மா விட முடியுமா?"

பெட்டியைத் தூக்கி என் முன்னால் மேசைமேல் வைத்தாள். பரிசோதனைக் கண்ணாடியை என் மூக்கில் மாட்டினாள். வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகினாள்.

"இது நல்லாருக்கா, இது நல்லாருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இது?"

"மங்கல்."

"இது?"

இந்த வில்லையில் நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. "மெஷினே தெரியலம்மா" என்றேன். ஒரு உண்மையாவது சொன்ன திருப்தி எனக்கு.

"அடப்பாவமே! இவ்வளவு மோசமா?" என்று ஒரு சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். பிறகு மேசை டிராயரைத் திறந்து இன்னொரு சீட்டை எடுத்தாள். "கவலைப்படாதீங்க. அந்த இருபத்தஞ்சு எழுத்தும் எங்கிட்ட இருக்கு."

"எப்படி?"

"கடிதம் சனிக்கிழமையே வந்துருச்சு. நான்தான் பிரிச்சுப் படிச்சேன். கீழ பெருக்கும்போது ஸ்டிக்கரைப் பாத்தேன், எழுதி வச்சேன். எனக்குத்தான் நல்லாத் தெரிஞ்சுதே!"

செவ்வாய்க்கிழமை இரண்டு மெஷினுக்கும் ஒரிஜினல் ஏறியது. உள்ளே இருந்ததற்கு ஸ்டிக்கர் எழுத்து, வெளியே இருந்ததற்குப் புது உரிமம். 'உரிமம் உறுதி செய்யப்பட்டது' என்று திரையில் வந்தபோது, திட்டம் தோற்றதை மறந்து நானே கைதட்டினேன். இத்தனை நாள் பயந்து பயந்து உபயோகித்த பொருள்! யாருக்கும் பயப்படாமல் அதன் முன் உட்காரலாம். என்ன சுகம்!

அந்தச் சுகம் பத்து நிமிஷம்தான். அதற்குள் என் மூக்கில் புதுக் கண்ணாடி ஏறிவிட்டது. அவளே வில்லை தீட்டி, அவளே சட்டத்தில் பொருத்தியது.

கழற்ற வழியில்லை. கழற்றினால் கண் தெரிகிறது என்று ஆகும். கண் தெரிந்தால் திங்கட்கிழமை சொன்னது பொய் என்று ஆகும். போட்டுக்கொண்டே நடந்தேன். தரை இடுப்புக்கு வந்தது. படி பாதாளத்துக்குப் போனது. ஒரு வாடிக்கையாளர் என்று நினைத்து, மின்விசிறியிடம் கொஞ்ச நேரம் நலம் விசாரித்தேன். அது இல்லை இல்லை என்று தலையாட்டியது.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். "வாங்க சார், வாங்க!" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கை சில்லென்று இருந்தது. அது கண்ணாடி மாட்டி வைக்கிற பொம்மை. அதிகாரி இந்தப் பக்கம் நின்றிருந்தார்.

அவர் இரண்டு மெஷினையும் தட்டிப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். ரசீதைப் பார்த்தார். "பிரமாதம்! நான் பார்த்த சின்னக் கடைகள்ல இவ்வளவு சுத்தமா யாருமே வைக்கல. நேர்மையான ஆட்கள்!" என்றார். எனக்கு மார்பு விரிந்தது.

"டிரைவர்களை டெஸ்ட் பண்றது யாரு?"

"நான்தான் சார்!" என்றேன் கம்பீரமாக. பொம்மையிடம்.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "மேடம், சாருக்கு...?"

"ஆமா சார். திங்கக்கிழமைதான் கண்டுபிடிச்சோம். ஒரு முழத்துல இருக்கற எழுத்துகூடத் தெரியல" என்றாள் மனைவி, அத்தனை துக்கத்தோடு.

"ஐயோ பாவம். நீங்களும் இதே படிப்புதானா?"

அவள் சான்றிதழை எடுத்து நீட்டினாள். தேடி எடுக்கவில்லை. கையிலேயே இருந்தது. அதிகாரி படிவத்தில் 'பரிசோதகர்' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதத் தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியைப் பிடுங்கினேன். "சார், நிறுத்துங்க! எனக்குக் கண் நல்லாத் தெரியும்!"

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அப்ப இந்தக் கண்ணாடி எதுக்கு?"

மனைவி என் பக்கம் திரும்பி, தேன் ஒழுகக் கேட்டாள்: "என்னங்க, அப்ப திங்கக்கிழமை அந்த ஸ்டிக்கர்ல இருந்தது தெரிஞ்சுதா?"

நேர்மையான ஆட்கள் என்று சொன்ன வாய், பேனாவோடு என் எதிரே காத்திருந்தது. அதன் பின்னால் நூற்று நாற்பது டிரைவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"தெரியலம்மா" என்றேன்.

"அப்ப கண்ணாடியை மாட்டிக்குங்க. வெளிய ஒருத்தர் பில்லுக்கு நிக்கறார்."