கரடியின் வயிற்றை மூடித் தரவும்

பெருமதிப்பிற்குரிய சிறுவர் புத்தக ஆசிரியர் அவர்களுக்கு,

மூணாறில் ஜீப் ஓட்டும் சுடலைமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழை நலம், தேயிலை நலம், ஜீப்பும் ஓரளவு நலம். நான் மட்டும் நலமில்லை. காரணம், தாங்கள் அச்சிட்ட கரடி.

மலைமேல் முதுவான் பழங்குடியைச் சேர்ந்த சின்னத்தாய் கதை சொல்லி, படமும் வரைந்த புத்தகத்தை எங்கள் அங்கன்வாடிக்கு அனுப்பியிருந்தீர்கள். படம் அருமை, அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் 'நான் விரதம், நான் விரதம்' என்று காடெல்லாம் சொல்லித் திரியும் அந்தக் கரடியின் வயிற்றுக்குள் அது தின்ற பலாச்சுளை, தேனடை, எறும்பு எல்லாம் வெளியே தெரிகிற மாதிரி வரைந்துவைத்தால் ஐந்து வயதுப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும், நீங்களே சொல்லுங்கள். என் மகள் ஆர்த்தி இப்போது யாரை வரைந்தாலும் வயிற்றைத் திறந்தே வரைகிறாள். பக்கத்து லயத்து வீட்டுப் பழனிச்சாமி அண்ணன் கிருத்திகை விரதக்காரர், அவர் வயிற்றில் இரண்டு அவித்த முட்டை. மனுஷன் எங்கள் வாசலை விட்டுச் சுற்றிப் போகிறார்.

என் கதைக்கு வருகிறேன். எனக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டுவிட்டது. ஒரு மாதத்தில் குறையாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் வீட்டம்மா கற்பகம் பாகற்காயும் கோதுமைக் கஞ்சியுமாய் ஊற்றுகிறாள். அதோடு விட்டாளா? "ஒங்களுக்கு இல்லாத இனிப்பு எனக்கும் வேண்டாம்" என்று தானும் வாயைக் கட்டிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது சார். கலங்கிய கண்ணோடுதான் தினமும் ஜோமோன் கடையில் பரோட்டா சாப்பிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அங்கன்வாடியில் பெற்றோர் கூட்டம். சுவரில் 'என் அப்பா' என்று ஆர்த்தி வரைந்த படம். மீசை சரி, ஜீப் சரி, வயிற்றுக்குள் மூன்று பரோட்டா, ஒரு கோழிக்கால், நீளமாய் ஒன்று. கற்பகம் திரும்பிப் பார்த்தாள். "அது பாகற்காய்" என்றேன். "இல்லப்பா, வாழைப்பழப் பழம்பொரி. எனக்குப் பன் வாங்கித் தந்து, அம்மாட்ட சொல்லாதன்னியே, அன்னைக்குத் தின்னது" என்கிறாள் பிள்ளை. ஏண்டி சொன்னே என்றால், "நான் எங்க சொன்னேன், வரைஞ்சேன்" என்கிறாள்.

கதை சொல்ல சின்னத்தாயும் அன்று வந்திருந்தார். வயித்த மட்டும் கொஞ்சம் மூடி வரையப்படாதா தாயி என்று அவரிடமே கெஞ்சினேன். அவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மூணுதான் இருக்கு. நான் கடையில பாத்த அன்னைக்கு நாலுல்ல தின்னீங்க" என்றார். அத்தோடு முடிந்தது. "ஊசியே போடட்டும், இனி இந்த வீட்டுல கஞ்சி கெடையாது" என்று சொன்ன கற்பகம் நாலு நாளாய் என்னோடு பேசவில்லை. பேச்சில்லாத வீட்டில் இருப்பது பாகற்காயைவிடக் கசக்கிறது சார்.

ஆகவே அடுத்த பதிப்பில் கரடிக்கு ஒரு சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தானும் வைத்து, என் குடும்பத்தைச் சேர்த்துவைக்க வேண்டுகிறேன். தங்கள் அச்சகம் தழைக்கட்டும். தங்கள் வயிற்றை யாரும் வரையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கரடியால் நொந்த
சுடலைமணி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஆர்த்தி தன் அம்மாவை வரைந்து கொண்டுவந்தாள். வயிற்றில் மஞ்சளாய் நாலு உருண்டை. "லட்டாம்மா?" என்றேன். "ஆமாப்பா, அரிசிப் பானைக்குள்ள இருக்கு." இருந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு கற்பகத்தின் முன்னால் போய் நின்றேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டவள், "கஞ்சி வைக்கட்டா?" என்றாள். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். கரடியின் வயிற்றில் கை வைக்காதீர்கள், முடிந்தால் இன்னும் பெரிதாகத் திறந்துவிடுங்கள். ஒரு சிறு சிக்கல். லட்டு அசல்தானா என்று அடுக்களையில் நான் ஒன்றைத் தின்றுபார்த்ததை ஆர்த்தி பார்த்துவிட்டாள். இப்போது மஞ்சள் பென்சிலைத் தேடுகிறாள். அது என் சட்டைப் பையில் இருக்கிறது.