எனக்கு முன்பே வந்து ஓட்டுப் போட்டவர்

ருவைஸ், அமீரகம்,
ஜூலை 2024.

அன்புள்ள மாப்பிள்ளை பாண்டித்துரைக்கு, அத்தான் ரெங்கராஜ் எழுதிக்கொண்டது. இவ்விடம் வெயிலைத் தவிர வேறு குறையில்லை. அவ்விடம் நீயும் விஜியும் பிள்ளைகளும் உங்கள் கடையும் மழையில் ஊறிப்போகாமல் சுகமாக இருக்க மீனாட்சியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீ வாட்ஸாப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். கூடப் பிறந்த அக்கா கனகாவின் போனையும் எடுப்பதில்லை என்று சபதம் போட்டிருப்பதாக விஜி சொன்னாள். ஆகவே, இந்தக் காலத்தில் யாரும் எழுதாத காகிதக் கடிதத்தை உனக்கு எழுதும் பாக்கியம் கிடைத்தது. இங்கே என்னோடு வேலை பார்க்கும் சாகிர் அபுதாபி போகும்போது தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். தேர்தலன்று நான் இங்கிலாந்துக்கு, உங்கள் லிங்கன்ஷயருக்கு வரவில்லை. குலதெய்வத்தின் மேல் ஆணையாக வரவில்லை. என் ஓட்டை எனக்காகப் போட உன்னை நியமித்துவிட்டு, உனக்குத் தெரியாமல் நானே பிளேன் ஏறி வந்து போட்டுவிட்டுப் போய், உன்னை ஊர் முன்னால் கேனையனாக்கினேன் என்று சொல்கிறாயாமே, அது உண்மையில்லை. இல்லையென்றால் வேறு யாரோ என் பெயரில் போட்டுவிட்டான், போலீசில் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்கிறாயாமே, அதைத் தயவுசெய்து செய்துவிடாதே. ஏன் என்று சொல்கிறேன், முழுசாகப் படி. பாதியில் கிழித்துப் போடுகிறவன் நீ என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. நம் ஊரில் ஒருத்தன் ஓட்டை இன்னொருத்தன் போட்டால் அதற்குக் கள்ள ஓட்டு என்று பெயர். மானாமதுரையில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் நான், எனக்குத் தெரியாத கள்ள ஓட்டா? சுடுகாட்டுக்குப் போனவனெல்லாம் காலையிலேயே வரிசையில் நின்று போட்டுவிட்டுப் போயிருப்பான். ஆனால் அந்த வெள்ளைக்காரன் ஊரில் நீ எனக்காகப் போடலாம் என்று அவனே விண்ணப்பம் கொடுக்கிறான். எத்தனை வருஷத்துக்கு முன் ஊரை விட்டுப் போயிருந்தாலும் அந்த ஊர் பாஸ்போர்ட் இருந்தால் பழைய முகவரியில் ஓட்டு உண்டு என்று சட்டத்தை மாற்றினார்களே, அன்றைக்கே நான் பதிந்தேன். ஆஸ்பத்திரி பாய்லர் ரூமில் பதினாலு வருஷம் வெந்ததற்கு அந்த ஊர் எனக்குக் கொடுத்தது அந்த ஒரு ஓட்டுதான். உடம்பு ருவைஸில், ஓட்டு நம் பழைய வெல்ஸ்பியில் என்று நானே சிரித்துக்கொண்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அந்தத் தொகுதியின் சரித்திரம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீலக் கட்சி விளக்குமாற்றை நிறுத்தினாலும் அங்கே ஜெயிக்கும். சுற்றிலும் முட்டைக்கோஸ் வயல், வயலுக்கு நடுவில் சர்ச், சர்ச்சுக்குப் பக்கத்தில் நீலப் பலகை. நான் இருந்தவரை ஒவ்வொரு தேர்தலிலும் மஞ்சளுக்கே போட்டேன், ஒவ்வொரு தேர்தலிலும் தோற்றேன். நீ சிவப்புக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துத் தோற்றாய். தொகுதி வரைகிறவர்கள் இந்த முறை நம் பழைய தெருவைக் கத்தரித்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தொகுதியோடு ஒட்டிவிட்டார்கள், அதனால் சிவப்புக்கு வாய்ப்பு வந்துவிட்டது, ஒவ்வொரு ஓட்டும் தங்கம் என்று நீ குதித்தாய். அப்போதும் நான் என்ன சொன்னேன்? மாப்ள, என் ஓட்டு மஞ்சளுக்குத்தான், தோற்றாலும் பரவாயில்லை என்று சொன்னேன். சரி அத்தான் என்றாய். அந்த 'சரி'யை நான் சந்தேகப்படவே இல்லை. இப்போதும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

தேர்தல் நாளன்று காலையில் எனக்கு மனசே சரியில்லை. ஓட்டு நாள், கையிலே மை இல்லை. அந்த ஊரில் மை வைக்கும் வழக்கமே கிடையாது, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பதினாலு வருஷமும் எனக்கு அது உறுத்தல்தான். மை இல்லாத விரலைப் பார்த்தால் ஓட்டே போடாத மாதிரி இருக்கும். அதனால் டியூட்டிக்குப் போனதும் பைப்பில் நம்பர் எழுதுகிற மார்க்கரை எடுத்து, இடது ஆள்காட்டி விரலில் நகமும் சதையும் சேருகிற இடத்தில் நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். சாகிர் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, இங்கனயே பூத்து போட்டாச்சா?" என்று சிரித்தான். அவனைத் தவிர அதை யாரும் பார்க்கவில்லை. உன் அக்காவிடம்கூட நான் சொல்லவில்லை.

இங்கே கோடையில் மத்தியானம் வெளிவேலை கிடையாது. ஏசி கேபினில் எல்லோரும் படுப்போம். நானும் தயிர்சோற்றைத் தின்றுவிட்டு ஷூவோடு சாய்ந்தேன். கனவு வந்தது என்று சொன்னால் நீ சிரிப்பே, அதனால சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சு யோசிச்சு, சொல்லிடுறேன். நம்ம பழைய தெருவுல நடந்துபோறேன். தூறல். சர்ச் ஹால் வாசல்ல கயிறு கட்டின பென்சில். நம்ம பழைய பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மா மேசைக்குப் பின்னால உக்காந்து கண்ணாடிக்கு மேல பாக்குது. அவ்வளவுதான் கனவு. சாகிர் என்னை உலுக்கி எழுப்பினான். எழுப்பினவன் கையை எடுத்துட்டான்.

"அண்ணே, குளிச்சிட்டா வாரிய? தலையெல்லாம் நனைஞ்சிருக்கு."

"வேர்வைப்பா."

"வேர்வை இம்புட்டு ஜில்லுன்னா இருக்கும்?"

ஏசியில வேர்வை ஜில்லுன்னுதான் இருக்கும்னு அவன் வாயை அடைச்சுட்டேன். ஆனா மாப்ள, என் ஷூவுல சேறு. இந்த ஊர்ல வெள்ளை மணலைத் தவிர மண்ணுன்னு ஒண்ணு கிடையாது. இது கறுப்புச் சேறு. குதிகாலுக்கு அடியில ஒரு துண்டு முட்டைக்கோஸ் இலை ஒட்டியிருந்துச்சு. கேன்டீன்ல மிதிச்சிருப்பேன்னு நினைச்சுக்கிட்டேன், ஏன்னா வேற எதையும் நினைக்கப் பயமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல உன் போன். கத்தினியே, ஞாபகம் இருக்கா? நீ பூத்துக்குப் போனியாம், உன் அடையாள அட்டையைக் காட்டினியாம், ரெங்கராஜ் சார்பா வந்திருக்கேன்னு சொன்னியாம். மார்கரெட் அம்மா, "ரெங்கி இப்பதானே வந்து போட்டுட்டுப் போனார், வாசலில் நீ பார்த்திருப்பாயே" என்று சொல்லிச்சாம். ஓட்டுக்காரரே முந்தி வந்து போட்டுட்டா சார்பா வந்தவருக்கு ஓட்டு இல்லைன்னு சட்டமும் சொல்லிச்சாம். உனக்கும் ஞாபகம் வந்துச்சு. வாசக்கதவை ஒருத்தர் குடையோட நின்னு திறந்து பிடிச்சாரு, நீ முகத்தைப் பாக்காமலே தேங்க்ஸ்னு சொல்லிட்டு உள்ள போனே. இதுவரைக்கும்கூட நான் யாரோ போர்ஜரி பண்ணிட்டான்னுதான் நினைச்சேன். ஆனா அடுத்து ஒண்ணு சொன்னே பாரு. அந்தாளு போகும்போது இடது கை விரலை எல்லாருக்கும் பெருமையா தூக்கிக் காட்டிட்டுப் போனாராம். விரல்ல கறுப்பா ஒரு கோடாம். கதவுல நசுக்கிக்கிட்டார் போலன்னு மார்கரெட் அம்மா பிளாஸ்திரி குடுத்துச்சாம், வேண்டாம்னு சொல்லிட்டாராம்.

படம் போட்ட பாஸ்போர்ட்டைக் காட்டாம இப்ப அங்க யாரும் ஓட்டுப் போட முடியாதுன்னு நீதான் சொல்லியிருக்கே. அந்தாளும் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் போட்டிருக்காரு. நான் அன்னிக்கு டியூட்டி முடிஞ்சு வந்த உடனே பீரோவைத் திறந்தேன். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. பாஸ்போர்ட் வச்ச இடத்துல வச்சபடி இருந்துச்சு. எடுத்தேன், ஈரம். முகர்ந்து பார்த்தேன், லிங்கன்ஷயர் மழை வாசம். உனக்கு அது பழகிப்போயிருக்கும், தெரியாது. விட்டுட்டு வந்தவனுக்கு மறக்காது.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த ஊரைக் காலி பண்ணிட்டு வந்த நாள் ஞாபகம் வந்துச்சு. நீதான் எங்களை ஏர்போர்ட்டுல விட்டே. பிளேன்ல பெல்ட் போட்டதும் நான் கனகாகிட்ட, "எதையோ விட்டுட்டு வந்துட்டோம்டி, நெஞ்சுல பெருசா ஒண்ணு குறையுது"ன்னு சொன்னேன். உன் அக்கா பையெல்லாம் குடைஞ்சு பார்த்துட்டு, "குக்கர் வெயிட்டுங்க. அடுப்பு மேலேயே வச்சுட்டேன்"னு தலையில அடிச்சுக்கிட்டா. இங்க வந்து வேற வெயிட்டு வாங்கிட்டோம், சோறும் வெந்துச்சு. அந்தக் குறை மட்டும் போகவே இல்லை. இப்பதான் தெரியுது, அங்க விட்டுட்டு வந்தது என்னைன்னு. நான் வந்துட்டேன்னு நினைச்சேன். ஒரு ஆளு அங்கேயே நின்னுக்கிட்டு, தெருவை எந்தத் தொகுதியில ஒட்டினாலும் தேடிக் கண்டுபிடிச்சுப் போய், தோக்குற கட்சிக்கு ஓட்டுப் போட்டுக்கிட்டு இருக்காரு. வாடகை யார் குடுக்குறா, சாப்பாட்டுக்கு என்ன பண்றாருன்னு நினைச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.

அதனாலதான் கெஞ்சுறேன், போலீசுக்குப் போகாதே. போனா தேடுவாங்க. அந்த ஊர் போலீஸ் நாய்க்குட்டி காணோம்னாலே தேடுவாங்க. தேடி, அவரைப் பிடிச்சு, கைரேகை எடுத்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, "இவர்தான் அசல் ரெங்கராஜ்"னு எழுதி சீல் வச்சுட்டாங்கன்னா, இங்க மார்க்கரும் கையுமா நிக்கிறேனே, நான் யாரு மாப்ள? விசா கேன்சல் பண்றது ஒரு நிமிஷ வேலை. இன்னொண்ணு, எழுதக் கூச்சமா இருக்கு. கொஞ்ச நாளா கண்ணாடியில பார்த்தா என் முகம் லேசா மங்கலா தெரியுது. உன் அக்கா கண்ணாடியைத் துடைச்சுப் பார்த்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா. எனக்குப் பயமா இருக்கு. உன்னை விட்டா எனக்கு அங்க யாரு இருக்கா?

கோபத்தை விட்டுவிட்டு கனகாவின் போனையாவது எடு. அவள் அழுகிறாள், ஆனால் குழம்பு மட்டும் வழக்கம்போல் வைக்கிறாள். விஜிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஓட்டுப் போட்ட கட்சி ஜெயிப்பதைக் கண்ணால் பார்த்து, நீடூழி வாழ ஆசீர்வாதம். மார்கரெட் அம்மாவைப் பார்த்தால் பிளாஸ்திரிக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அத்தான்
ரெங்கராஜ்

பி.கு.: மாப்ள, மேலே எழுதியிருப்பதையெல்லாம் ரொம்ப மனசில் போட்டுக்கொள்ளாதே. கவரில் ஸ்டாம்பைத் தேடாதே, ஒட்டவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் நானே நடந்து வந்து உன் கதவிடுக்கில் போட்டுவிடுகிறேன். ஓரம் நனைந்திருந்தால் ஹீட்டர் மேல் வைத்துக் காயப்போடு. அன்றைக்கு ஹால் வாசலில் உனக்குக் கதவைப் பிடித்தேனே, அப்போதே உன் முகத்தைப் பார்த்தேன். சிவப்புக்குக் குத்தத்தான் நீ போனாய். அது எனக்கு முன்னாலேயே தெரியும், அதனால்தான் முந்திக்கொண்டேன். ருவைஸில் இருக்கிறவரிடம் இதைச் சொல்லிவிடாதே, பாவம், தான்தான் நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். போலீசுக்கு வேண்டுமானால் தாராளமாகப் போ, எனக்கொன்றும் பயமில்லை. கவரைக் குலுக்கிப் பார், அடியில் கனமாக ஒன்று கிடக்கும். குக்கர் வெயிட். அக்காவிடம் சேர்த்துவிடு.